கப்பலில் சிப்பாய்க்கு என்ன வேலை?

மாலுமி இருக்கிறான், பீரங்கி சுடவும் அவனுக்குத் தெரியும். பிறகு துப்பாக்கியோடு தனியாக ஒரு படை எதற்கு? மரீன் எனப்படும் கப்பல் சிப்பாயைப் பற்றி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த வழக்கு இது.

பிரிட்டிஷ் கப்பல்களில் காலாட்படை மரீனுக்குச் சிவப்புக் கோட்டு, பீரங்கிப்படை மரீனுக்கு நீலம். கேப்டன் அறை வாசலிலும் வெடிமருந்து அறையிலும் அவனே காவல். தூங்குவதும் அதிகாரிகளுக்கும் மாலுமிகளுக்கும் நடுவே. எதிரியைவிட உள்ளே வெடிக்கும் கலகத்துக்குத்தான் இந்த ஏற்பாடு அதிகம் அஞ்சியது. நல்லூர்ப் பக்கத்து பனியன் கம்பெனியில் செக்கிங் ஆளும் டெய்லரும் ஒரே கூரையின்கீழ்தான் இருப்பார்கள். ஆனால் அவர் பிழை பிடிக்க வந்தவர் என்பதை இவர் மறப்பதில்லை. கப்பலிலும் அதே விலகல்.

அந்த அச்சத்துக்கான காரணம் தேய்ந்துவிட்டது. 1853 முதல் பிரிட்டிஷ் மாலுமிக்கு நீண்டகாலத் தொடர்பணி வந்தது. பிடித்திழுத்து வரப்பட்டவன் போய், கடலையே தொழிலாகக் கொண்டவன் வந்தான். காவலுக்கு ஆள் வைத்தால் மாலுமி பொறுப்பை எப்படிக் கற்பான் என்று 1890களில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி வில்லியம் ஃபுல்லம் வாதிட்டார். இதில் நியாயம் அவர் பக்கம். பாய்மரத்தின்மேல் ஏறிச் சுடும் வேலையையும் நீராவியும் நெடுந்தூரப் பீரங்கியும் பறித்துக்கொண்டன.

மரீனுக்குச் சாதகமான சாட்சி கரையில் இருக்கிறது. 1882இல் பிரிட்டிஷ் கடற்படையின் குண்டுவீச்சுக்குப் பிறகு எகிப்தின் அலெக்சாண்டிரியா நகரில் ஒழுங்கை மீட்க இறங்கியவர்களில் மரீன்கள் உண்டு. 1900இல் பீக்கிங் தூதரகங்களைக் காத்தவர்களிலும் கப்பலிலிருந்து வந்த மரீன்கள் இருந்தார்கள். ஆனால் 1898இல் கியூபாவின் குவான்டனாமோவைப் பிடித்தது கப்பல்களில் சிதறிக் கிடந்த காவல் குழுக்கள் அல்ல. அமெரிக்க மரீன் அதிகாரி ஹன்டிங்டன் தலைமையில் கரை முகாம்களிலிருந்து திரட்டி ஒரே கப்பலில் அனுப்பிய, 600க்கு மேற்பட்டோர் கொண்ட பட்டாலியன். பீக்கிங்கிலும் உதவியது அருகில் இருந்ததே. கேப்டன் வாசலில் நின்ற பழக்கம் அல்ல.

நம் நாட்டுச் சாட்சியும் உண்டு. 1777இல் பம்பாயில் கப்பல்களுக்கென்றே சிப்பாய்ப் பட்டாலியன் எழுப்பப்பட்டது. 1863இல் அன்றைய இந்தியக் கடற்படை கலைக்கப்பட்டதும் அந்தப் பட்டாலியனுக்குக் கப்பல் இல்லை, 'மரீன்' என்ற பெயர் மட்டும் மிச்சம். 1903இல் அதுவே 121ஆம் பயனியர்ஸ் ஆகி, பாதை வெட்டும் படையானது. கப்பலோடு கட்டிய படையின் கதி கப்பலோடுதான் போகும்.

1908இல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் மரீன்களைக் கப்பலிலிருந்து இறக்க உத்தரவிட்டார். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம், கடற்படைச் செலவு மசோதாவில் நிபந்தனை போட்டு அவர்களைத் திரும்ப ஏற்றியது. போர்த் தேவையைவிட அரசியல் செல்வாக்கு அதில் வென்றது. அந்தக் காவல் குழுக்கள் ஒழிய 1998 வரை ஆயிற்று.

என் தீர்ப்பு இதுதான்: கப்பல் போலீசாக மரீன் 19ஆம் நூற்றாண்டு முடியும் முன்பே காலாவதி ஆகிவிட்டான், கடலிலிருந்து கரையேறிப் போரிடும் தனிப் படையாக அவனுக்கு இடம் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கட்டியதே அன்றைய கடற்படைகள் செய்த பிழை.