எந்த ரோட்டில் நிற்கிறேன்?

"சார், நீங்க எந்த ரோட்ல நிக்கிறீங்க?"

இரண்டு வருடத்துக்கு முன், பண்டிகை முடிந்து சென்னை திரும்பும் ராத்திரி. எங்களுக்கு முன்னால் ஒரு பைக் சறுக்கி, ஓட்டி வந்தவர் ரோட்டோரம் கிடந்தார். காரை ஓரம்கட்டிவிட்டு ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன். எதிர்முனையில் பேசிய பெண் பதற்றமே இல்லாமல் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"சென்னை போற ஹைவேம்மா."

"சென்னை போற ஹைவே நாலஞ்சு இருக்கு சார். எந்த ஊர்ப் பக்கம்?"

கடைசியாகப் பார்த்த பலகையை நினைவுபடுத்திப் பார்த்தேன். மூன்று ஊர்ப் பெயர் இருந்தது ஞாபகம் வந்தது. எந்த மூன்று என்பது வரவில்லை. இருட்டில் இரண்டு பக்கமும் வயல். செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு கல்லைத் தேடி ஓடினேன். கருவேல முள்ளுக்குள் ஒரு கல் அகப்பட்டது. அதில் ஊர் பெயரும் தூரமும் இருந்தன, ஆனால் அந்த ஊர் எனக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று தெரியவில்லை. கடைசியில் டீக்கடைக்காரர் ஒருவர் என் போனை வாங்கி, "பழைய ரைஸ்மில் தாண்டி ரெண்டாவது பாலம், சென்னை போற சைடுல வாங்க, அந்த சைடு வந்தா திரும்ப முடியாது" என்றார். பத்து நொடியில் வேலை முடிந்தது. வண்டி வந்தது. அடிபட்டவருக்குக் கால் எலும்பு முறிவு, உயிருக்கு ஆபத்தில்லை.

பி.ஈ. படித்து, இருபது வருடம் மென்பொருள் எழுதி, ஊர்ப்பட்ட வரைபடம் சேர்த்து வைத்திருக்கும் எனக்குத் தெரியாதது, ரைஸ்மில்லை அடையாளம் சொன்ன மனிதருக்குத் தெரிந்திருந்தது. அந்த எரிச்சலில் ஆரம்பித்ததுதான் இந்த ஆராய்ச்சி. (வீட்டில் இதற்கு வேறு பெயர்.) நெடுஞ்சாலைப் பலகைகளை ஒரு நூலை வாசிப்பதுபோல வாசிக்கத் தொடங்கினேன். இது அந்த நூலுக்கான விமரிசனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்கள். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் சாலையின் எண் என்ன என்று என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் 'என்.எச். 45' என்பார்கள். அது 2010 வரை சரி. அந்த வருடம் நாடு முழுக்க தேசிய நெடுஞ்சாலைகளின் எண்களை மாற்றினார்கள். இன்றைய கணக்கில் சென்னை முதல் திண்டிவனம் வரை 32. திண்டிவனம் முதல் விழுப்புரம் வரை 132. விழுப்புரத்திலிருந்து திருச்சி வரை 38. ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நேராகப் போகிற ஒரே பயணத்தில் மூன்று எண்கள். இதை என் அலுவலகத்தில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. 'பழைய 45' என்று சொன்னதும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும், புதிய முறை அழகானது. இரட்டைப்படை எண் என்றால் வடக்கு–தெற்காக ஓடும் சாலை, கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் ஏறும். ஒற்றைப்படை என்றால் கிழக்கு–மேற்கு, வடக்கிலிருந்து தெற்கே ஏறும். தமிழ்நாட்டு வரைபடத்தை விரித்து வைத்துப் பாருங்கள். கடற்கரையை ஒட்டிப் புதுச்சேரி, நாகப்பட்டினம் வழியாகத் தூத்துக்குடி போவது 32. சற்று உள்ளே விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் போவது 36. இன்னும் மேற்கே விழுப்புரம்–திருச்சி–மதுரை, 38. அதற்கும் மேற்கே கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் என்று இறங்குவது 44. குறுக்கே பார்த்தால் கிருஷ்ணகிரி–திண்டிவனம் 77, சேலம்–உளுந்தூர்பேட்டை 79, அதற்குக் கீழே கோவையிலிருந்து கரூர், திருச்சி வழியாகச் சிதம்பரம் போவது 81. பழனி, திண்டுக்கல் சுற்றி நாகப்பட்டினம் போவது 83. மதுரையைத் தொட்டுத் தொண்டிக்குப் போவது 85, மதுரையிலிருந்து ராமேஸ்வரம் 87. மூன்றிலக்க எண் என்றால் கிளைச்சாலை, கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலையைச் சொல்லும். 132 என்பது 32-இன் பிள்ளை. சேலத்திலிருந்து கோவை வழியாகக் கொச்சி போகும் 544, 44-இன் பிள்ளை.

இந்த ஒழுங்கைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு எண்ணைப் பார்த்தே நான் மாநிலத்தின் எந்தப் பகுதியில், எந்தத் திசையில் போகிறேன் என்று சொல்லிவிடலாம்! ஒரு சின்னக் கோணல் உண்டு. டெல்லியிலிருந்து மும்பை, பெங்களூரு வழியாக வரும் 48, கடைசியில் கிருஷ்ணகிரியில் திரும்பிச் சென்னைக்கு வருகிறது. அதனால் வேலூர்க்காரருக்கு அந்த 'வடக்கு–தெற்கு' சாலை கிழக்கு–மேற்காகத்தான் கிடக்கும். இவ்வளவு பெரிய திட்டத்தில் அதை மன்னிக்கலாம்.

மன்னிக்க முடியாதது வேறு. பழைய எண்களை ஓய்வுபெற விடாமல் வேறு சாலைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். டேட்டாபேஸ் வேலை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பாவம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாடிக்கையாளர் எண்ணை நீக்கினால், அதே எண்ணை இன்னொருவருக்குத் தரக்கூடாது. பழைய பில்களில் எல்லாம் அந்த எண் இருக்கும். இங்கே என்ன நடந்தது? தமிழ்நாட்டின் முதுகெலும்பாக இருந்த, வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை வந்த 'என்.எச். 7' இன்றைக்குப் பஞ்சாபிலிருந்து உத்தரகாண்ட் மலைக்கு ஏறுகிறது. நம்முடைய 45 மத்தியப் பிரதேசத்துக்குப் போய்விட்டது. திண்டிவனம்–கிருஷ்ணகிரிச் சாலைக்கு இருந்த 66, இப்போது மும்பைக்குப் பக்கத்திலிருந்து மேற்குக் கரையோரமாகக் கேரளம் வழியே கன்னியாகுமரிக்கு வருகிறது. எல்லாவற்றிலும் உச்சம், பூந்தமல்லி வழியாக ராணிப்பேட்டை போன 'என்.எச். 4'. அந்த எண் இன்று அந்தமான் தீவில் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் நின்றுகொண்டு ஒருவர் 'என்.எச். ஃபோர்ல இருக்கேன்' என்று சொன்னால், காகிதத்தின்படி அவருக்கும் வண்டிக்கும் நடுவே வங்காள விரிகுடா.

எண் மாறியது தப்பில்லை. மாறியதை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க அரசுக்கு இருந்த ஒரே ஊடகம் பலகைதான், அதை அதற்குப் பயன்படுத்தவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. பலகையில் எண் இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஒரு மூலையில், சின்னக் கட்டத்தில், ஒப்புக்குச் சப்பாணியாக. பல சந்திப்புகளில் அதுவும் கிடையாது. பக்கத்து ஓட்டலின் பெயர்ப்பலகையில் 'என்.எச். 45, பைபாஸ்' என்று முழ உயரத்துக்கு இருக்கிறது. மக்கள் எதைப் படிப்பார்கள்?

அடுத்து, ஊர்ப்பெயர்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர். ஒரு பலகை கண்ணில் பட்டுக் கடந்துபோக மூன்று நொடி என்று வைத்தால் 75 மீட்டர். அதற்குள் படித்து, முடிவெடுத்து, கண்ணாடியைப் பார்த்து, இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். அந்தப் பலகையில் 'திருச்சிராப்பள்ளி' என்று ஒன்பது எழுத்து. பஸ்ஸின் முன்னால் 'திருச்சி' என்று நாலே எழுத்தில் ஊரைக் காட்டிவிடுகிறார்கள். படிக்காத கிழவியும் தூரத்திலேயே எழுத்தின் வடிவத்தை வைத்துக் கையை நீட்டுகிறாள். பஸ் பலகை எழுதுகிற பெயின்டருக்கு வாசகர் யார் என்று தெரியும். நெடுஞ்சாலைப் பலகை எழுதுபவருக்குத் தெரிந்தது கெஜட் மட்டுமே. முழுப்பெயரை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஊருக்குள் நுழையும் இடத்தில் முழுப்பெயரையே வரவேற்பு வளைவு மாதிரி வையுங்கள். பிரிவுக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டலாம்.

இன்னொன்று, தமிழ் எழுத்துக்குத் தலைக்குமேல் விசிறியும் புள்ளியும் உண்டு, காலுக்குக் கீழே கொக்கியும் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்துக்குக் கொடுத்த அதே உயரத்துக்குள் தமிழை அடைத்தால், எழுத்தின் உடம்பு சுருங்கிவிடும். 'ழு'வும் 'மு'வும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரிவதற்குக் காரணம் நம் கண் மட்டுமில்லை. ஊர்ப்பெயர் என்றாலே நாம் சண்டை போடுவது வேறு விஷயத்துக்கு. 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஓர் அரசாணை வந்தது, பத்து நாளைக்குள் வாபஸும் ஆனது. அந்தப் பத்து நாளில் இந்த மாநிலமே மொழியியல் பேசியது. எழுத்தின் அளவைப் பற்றி அன்றும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பைபாஸ் பிரிவுகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். நேராகப் போனால் புறவழிச்சாலை, இடப்பக்கம் பிரிந்தால் ஊர். இரண்டு அம்புக்கும் அதே ஊர்ப்பெயரைப் போட்ட பலகைகளை நான் பார்த்திருக்கிறேன். எழுதியவர் மேல் தப்பில்லை, இரண்டு வழியும் அந்த ஊருக்குத்தானே போகிறது! அந்த ஊரைத் தாண்டிப் போகிறவர் என்ன செய்வார் என்பது அவர் கவலை இல்லை. தாண்டிப் போகிறவர் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியும், என் மைத்துனர் செய்ததைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பிரிவைத் தவறவிட்டு, ஓரம்கட்டி, ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு இருநூறு மீட்டர் ரிவர்ஸில் வந்தார். பின்னால் வந்த லாரியின் ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த யூ–டர்ன் எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவர் ரிவர்ஸ் எடுத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். மனைவி முன்னிலையில் இதை அடித்துச் சொல்ல முடியாது.

பலகை பேசாத இடத்தில் டிரைவர்கள் தாங்களே ஒரு பாஷை செய்துகொண்டார்கள். நாற்சந்தியில் நேராகப் போகிறேன் என்பதற்கு இரண்டு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடுவது நம் ஊர்க் கண்டுபிடிப்பு. பக்கத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஒரு விளக்குதான் தெரியும், அவன் திரும்பப் போவதாக நினைத்துக்கொள்வான். முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால், 'வலதுபக்கம் முந்திக்கோ' என்றும் அர்த்தம், 'நான் வலது பக்கம் திரும்பப் போகிறேன்' என்றும் அர்த்தம். இரண்டும் நேர் எதிர். எது என்பதை அனுபவத்தில் தெரிந்துகொள்ள வேண்டும், சிலருக்கு அந்த அனுபவம் ஒரே தடவைதான் கிடைக்கும். இதையெல்லாம் 'நம்மாளுங்களுக்கு ரோடு சென்ஸ் கிடையாது' என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு சமிக்ஞைக்கு இரண்டு அர்த்தம் இருப்பது பயனாளியின் குணக்கேடு என்று எங்கள் துறையில் சொன்னால் வேலை போய்விடும்.

"கூகுள் மேப் இருக்கே, பலகை எதுக்கு?" என்று நண்பர்கள் கேட்பது தெரிந்ததே. அன்று ராத்திரி என் போனிலும் மேப் இருந்தது. நீலப் புள்ளி நான் நிற்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டியது. அந்த நீலப் புள்ளியை வாயால் எப்படிச் சொல்வது?

வேடிக்கை என்னவென்றால், வாயால் சொல்லக்கூடிய ஒரு முறை ரோட்டோரத்திலேயே பல காலமாகக் கிடக்கிறது. கிலோமீட்டர் கல். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே குட்டையாக 2, 4, 6, 8 என்று எழுதிய கற்கள் வரும், 200 மீட்டருக்கு ஒன்று. நான் பல வருடம் அவற்றை ஏதோ கேபிள் பதித்த அடையாளம் என்று நினைத்திருந்தேன். சாலை எண், கிலோமீட்டர், குட்டைக்கல் எண், போகும் திசை. இந்த நான்கையும் சொன்னால் வண்டி 200 மீட்டருக்குள் வந்து நிற்கும், ரைஸ்மில் தேவையில்லை. இதைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். அப்புறம் வந்தவர்கள் கல்லைச் சுற்றி முள் வளர விட்டார்கள், அகலப்படுத்தும்போது பிடுங்கிப் போட்டார்கள், சர்வீஸ் ரோட்டுக்கு வெளியே நட்டார்கள். 2017-இல் வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கம் கற்களில் ஆங்கிலத்தை அழித்து இந்தியில் எழுதியபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது, நியாயமான எதிர்ப்பு. எந்த மொழியிலும் படிக்க முடியாமல் கிடக்கிற கல்லுக்காகவும் யாராவது ஒரு அறிக்கை விடலாம்.

இப்போதெல்லாம் ஊருக்குப் போகும்போது மகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சாலை எண்ணையும் கல்லையும் படித்துச் சொல்ல வேண்டும். போன பொங்கலுக்குப் போனபோது சாலை எண் எங்கேயும் கிடைக்காமல் முக்கால் மணி நேரம் போனது. அப்புறம் ஒரு மஞ்சள் தலை தெரிந்தது. வேகத்தைக் குறைத்தேன்.

"என்ன போட்டிருக்கு?"

கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "கண்ணீர் அஞ்சலின்னு போட்டிருக்குப்பா. ஒரு தாத்தா போட்டோ."