சாவி கொடுக்க மறந்த நாள்

இந்தக் கடிகாரத்தை வாங்க எனக்கு ஏழு பிறவிக்கும் வக்கில்லை. ஏலக் கையேட்டுப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற கூட்டம் நான். ரசிப்பதற்குக் கட்டணம் வசூலிக்க இன்னும் யாரும் கிளம்பவில்லை என்பதால் பிழைப்பு ஓடுகிறது.

படத்தில் இருப்பது ஜெனிவாவின் படேக் ஃபிலிப் 1941இல் கொண்டுவந்த 1526ஆம் மாதிரி. மாதத்துக்கு 30 நாளா 31 நாளா, பிப்ரவரிக்கு 28ஆ 29ஆ என்று தானே தெரிந்துகொள்ளும் நிரந்தர நாட்காட்டிக் கைக்கடிகாரம். 1925லேயே அதே நிறுவனம் இப்படி ஒன்றைக் கையில் கட்டக் கொடுத்திருக்கிறது. 1898இல் பெண்கள் அணியும் பதக்கக் கடிகாரத்துக்கென்று செய்த இயந்திரம், 27 வருடம் காத்திருந்து மணிக்கட்டுக்கு ஏறியது. அது ஒற்றைப் பிள்ளை. தொடர்ந்து செய்யப்பட்ட முதல் மாதிரி 1526தான். ‘தொடர்ந்து’ என்றதும் பெட்டி பெட்டியாக அடுக்கியதாக நினைக்கவேண்டாம். 1952 வரைக்கும் மொத்தமே 210.

குறுக்களவு 34 மில்லிமீட்டர். இன்றைய தடித்த வாட்சுகளின் பக்கத்தில் வைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கும். பன்னிரண்டுக்குக் கீழே பக்கம் பக்கமாக இரண்டு ஜன்னல். ஒன்றில் கிழமை, மற்றதில் மாதம். ஆறு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறு வட்டம். தேதி, வினாடி, தேய்ந்து வளரும் நிலா மூன்றும் அந்த வட்டத்துக்குள் ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன. யாரும் யார் மேலும் இடித்துக்கொள்ளவில்லை. விளிம்பைச் சுற்றி நிமிடத்துக்கு ஒன்றாகத் தங்கப் பொட்டுகள். பொட்டு என்ற சொல்லே கொஞ்சம் பெரிது.

டயலில் உள்ள பெயரைப் பாருங்கள். அச்சடித்ததில்லை. தகட்டில் எழுத்தைச் செதுக்கி, அந்தப் பள்ளத்தில் எனாமல் பொடியை நிரப்பி, சூளையில் சுட்டு, பிறகு மட்டமாகத் தேய்த்திருக்கிறார்கள். அதனால்தான் எண்பது வருடம் கழித்தும் எழுத்து மங்கவில்லை. ஆனால் ரிப்பேருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒருவர் டயலையும் ‘சுத்தம்’ செய்து கொடுத்திருப்பார். ஒவ்வொரு துடைப்பிலும் எழுத்து ஒரு இழை கரையும். பிரெஞ்சில் ஜெனிவா என்ற ஊர்ப்பெயரை எழுதும்போது ஓர் எழுத்தின் தலையில் சின்னச் சாய்கோடு வரும். முதலில் காணாமல் போவது அதுதான். லட்சக்கணக்கில் கொடுக்க வந்தவர்கள் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு முதலில் தேடுவதும் அந்தக் கோட்டைத்தான்.

உள்ளே நடப்பது இன்னும் அழகு. இந்தக் குடும்பத்து இயந்திரங்களில் 48 மாதச் சக்கரம் என்று ஒன்று உண்டு. நான்கு வருடத்துக்கு ஒரு சுற்று, அவ்வளவு நிதானம். அதன் விளிம்பில் 31 நாள் மாதங்கள் மேடாகவும், 30 நாள் மாதங்கள் சிறு பள்ளமாகவும் இருக்கும். பிப்ரவரிக்கு நான்கு ஆழமான பள்ளங்கள். அவற்றில் ஒன்று மட்டும் மற்ற மூன்றைவிட மயிரிழை மேடு. லீப் வருடம் என்பது இங்கே அந்த மயிரிழைதான். ஒரு நெம்புகோலின் மூக்கு அந்தப் பள்ளத்தைத் தொட்டு ஆழம் பார்க்கும். பிப்ரவரி 28 இரவில் மூக்கு அடிமட்டம் வரை இறங்கினால், தேதி முள் 29, 30, 31 மூன்றையும் ஒரே மூச்சில் தாண்டி ஒன்றில் போய் நிற்கும். சொந்தக்காரர் அந்நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

நம் ஆடியையும் கார்த்திகையையும் இதனிடம் ஒப்படைத்தால் திணறிப்போகும். சூரியன் ராசி மாறும் நேரத்தைப் பொறுத்து ஆடிக்கு ஒரு வருடம் 31 நாள், ஒரு வருடம் 32. அதற்குப் பள்ளம் வெட்டி மாளாது. ஆங்கில நாட்காட்டிக்குள் மட்டும் இது கெட்டி. 2000 லீப் வருடமாக அமைந்ததால் 1941இல் பிறந்தது இன்றுவரை தடுமாற நேரவில்லை. 2100க்கு லீப் கிடையாது. அது சக்கரத்துக்குத் தெரியாது. அன்றைக்கு யாராவது ஒருவர் ஒரு நாள் தள்ளி வைக்கவேண்டும்.

தங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எப்படி? கல்யாணம் வந்தால் நகையைக் கடையில் கொடுத்து பாலிஷ் போட்டு வாங்குவது நம் பழக்கம். இந்த வட்டாரத்தில் அது மகாபாவம். வாரைப் பிடித்திருக்கும் கொம்புகளின் விளிம்பு ஒவ்வொரு பாலிஷிலும் மழுங்கும். எடையில் குன்றிமணி குறைந்திருக்காது, மதிப்பில் சேதாரம் தலை சுற்றும். 18 காரட்டுக்கான பழைய சுவிஸ் முத்திரை ஹெல்வெசியா என்ற பெண்ணின் தலை, கடுகளவு. அவள் மூக்கும் நெற்றியும் கூர்மையாகத் தெரிந்தால் வாட்ச் தப்பித்தது என்று பொருள்.

இத்தனைக்கும் தங்கம்தான் ராஜா என்று சொல்லிவிட முடியாது. 1526உடன் அதே வருடம் பிறந்த 1518, நாட்காட்டியோடு ஸ்டாப்வாட்சும் சேர்ந்தது. செய்த 281இல் பெரும்பாலும் தங்கம். எஃகில் தெரியவந்தவை நான்கே நான்கு. 2016இல் ஜெனிவா ஏலத்தில் அந்த எஃகு ஒன்று 1 கோடியே 10 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்குப் போனது. என் மனசு என்னவோ மஞ்சள் தங்கத்தோடுதான். பழைய தங்கத்தில் ஒரு தேன் நிறம் ஏறியிருக்கும். எஃகுக்கு அது வராது.

1526க்குத் தினமும் கையால் சாவி கொடுக்கவேண்டும். இரண்டு நாள் மறந்தால் நிரந்தரமும் நின்றுவிடும். லீப் வருடத்தைக் காட்டும் முள்ளோ ஜன்னலோ முகப்பில் இல்லாததால், சக்கரம் எந்த வருடத்தில் நிற்கிறது என்றும் வெளியே தெரியாது. கூட்டின் பக்கவாட்டில் கடுகு போன்ற அமுக்குப் புள்ளிகள் உண்டு. மெல்லிய முனையால் அழுத்தித் தேதியை நகர்த்தலாம். படத்தில் அந்தப் புள்ளி ஒன்றின் ஓரத்தில் ஒரு கீறல் இருக்கிறது. எப்போதோ, எந்த ஊரிலோ, சாவி கொடுக்க மறந்த ஒருவர் அவசரத்தில் கையில் அகப்பட்ட குண்டூசியால் குத்தியிருக்கிறார். முதல் குத்து தவறிவிட்டது.