ஒரு மணி நேர ராமன்

தோல்பாவைக் கூத்து 'அழிந்துவருகிறது' என்பது நமக்கு ரொம்ப வசதியான வாக்கியம். யார் அழிக்கிறார்கள் என்ற கேள்வி அதில் கிடையாது.

பல வருஷங்களுக்கு முன் ஒரு கலை இரவுக்காக, நாகர்கோவில் பக்கமிருந்து ஒரு குழுவை நாங்கள் அழைத்துவந்தோம். பத்து இரவு ஆடும் ராமாயணத்தை ஒரு மணி நேரத்தில் முடிக்கச் சொன்னோம். கூடவே ஒரு நிபந்தனை: உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் பேசும் 'பச்சை'யைக் குறைக்க வேண்டும். தோழர்களின் குடும்பங்கள் வருமே!

கூத்துக்காரர் சிரித்தார். "ராமனச் சுருக்கலாம் சார். இவனுவளச் சுருக்கினா சனம் எந்திரிச்சுப் போயிரும்."

இந்தப் பதிலில் ஒரு விமர்சனக் கோட்பாடே இருக்கிறது. ராமன் ஜெயிப்பானா என்று பார்க்க யாரும் கண்விழிப்பதில்லை. உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வால்மீகியிலோ கம்பனிலோ இல்லாதவர்கள். காவியத்துக்குள் ஊர் நுழைகிற வாசலே அவர்கள்தான். அந்த வாசலை அடைத்துவிட்டு மிச்சத்தை 'மரபுக் கலை' என்கிறோம். அரசு விழாக்கள் செய்வதும் இதைத்தான். மாற்றுக் கலாச்சாரம் பேசிய நாமும் அதே கத்தரியைத்தான் எடுத்தோம்.

பாலக்காட்டுப் பக்கத் தோல்பாவைக் கூத்தோடு இதை வைத்துப் பார்க்கலாம். அங்கே பத்ரகாளி கோயில் கூத்துமாடத்தில், 21 விளக்குகளின் வெளிச்சத்தில், கம்பன் பாட்டைச் சொல்லி ஆட்டுகிறார்கள். தாரிகனோடு போரிட்டதால் ராம-ராவண யுத்தத்தைக் காணாமல் போன காளிக்காக அது நடக்கிறது என்பது ஐதீகம். முன்னால் ஒரு ஆள் இல்லாவிட்டாலும் கூத்து நடக்கும். பார்வையாளர் தெய்வம். குமரி மாவட்டத்துக் கணிகர்களுக்கு அந்த வசதி இல்லை. சனம் எழுந்துபோனால் சோறில்லை. ஆக, நாம் 'ஆபாசம்' என்று ஒதுக்கியது அவர்களின் அழகியல் மட்டுமல்ல, வயிற்றுப்பாடும்கூட.

அன்றைக்குத் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஒரே மனிதர் ஆட்டுத்தோல் பாவைகளை ஆட்டியபடி ராவணனாகவும் சீதையாகவும் அனுமனாகவும் பேசினார். வீட்டில் மராத்தி பேசுகிறவர், திரையில் எத்தனையோ விதமான தமிழைப் பேசினார். 'பல்குரல் தன்மை' பற்றி பக்தினை வைத்து நான் ஏற்கனவே எழுதியிருந்தேன், திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு. பின்னாலோ அவர் மனைவி மடியில் பிள்ளையோடு ஆர்மோனியம் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தார். நாங்கள் அடித்த நோட்டீஸில் அந்தக் குரலுக்குப் பெயர் இல்லை.

சரியாக ஒரு மணி நேரத்தில் பட்டாபிஷேகம் முடிந்தது. பாதிக் கூட்டம் அதற்கு முன்பே எழுந்துவிட்டது. மக்களுக்கு ரசனை செத்துப்போச்சு என்றார் ஒரு தோழர். யாரும் மறுக்கவில்லை, நான் உட்பட.

அந்த மௌனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். கலைஞர்களைக் 'காப்பாற்ற' வேண்டாம். முழு இரவைக் கொடுப்போம், முழுக் கூலியைக் கொடுப்போம், பாடுகிறவரின் பெயரைப் போடுவோம். உளுவத்தலையன் என்ன பேச வேண்டும் என்பதை உளுவத்தலையன் பார்த்துக்கொள்வான்.