பழசாகவே பிறந்த கடை

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற சந்தை ஊரின் கார்ன்ஹில்லில் ஒரு கடைமுகப்பு. கறுத்த மரச்சட்டங்கள், புடைப்பு வேலை செய்த சுண்ணப்பூச்சு, மாடங்களில் சிலைகள். பதினாறாம் நூற்றாண்டு என்று சத்தியம் செய்யத் தோன்றும். கட்டியதோ 1911 வாக்கில். கட்டுவித்தவர் மருந்துக்கடை முதலாளி ஜெஸ்ஸி பூட்.

'போலி' என்று தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அந்த வாசிப்பு போதவில்லை. நாட்டிங்ஹாமில் மூலிகைக்கடைக்காரரின் மகனாக 1850இல் பிறந்த பூட், மொத்தமாக வாங்கி, ரொக்கத்துக்கு விலையடித்து விற்றவர். கம்பெனிகளும் மருந்துக்கடை நடத்தலாம் என்று 1880இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 1914இல் அவருடைய கிளைகள் ஐந்நூறைத் தாண்டியிருந்தன. தெருமுனை மருந்துக்காரர் அந்த விலைக்கு எங்கே போவார்? உள்ளூர்க் கடையின் வயிற்றிலடிக்கும் மூலதனம், உள்ளூர் வரலாற்றையே தன் நெற்றியில் எழுதிக்கொள்கிறது. 869இல் டேனியர் கொன்ற அரசன், ஊருக்கே பெயர் தந்த புனிதர் எட்மண்ட், இருமல் மருந்துக்கு மேலே நிற்கிறார். டெர்பியில் இதே கம்பெனி கட்டிய கடையில் நிற்பவர்களில் ஒருவர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். ஊருக்கு ஊர் ஆள்தான் வேறு, சூத்திரம் ஒண்ணுதான். குறிப்பானும் குறிப்பீடும் இத்தனை அப்பட்டமாகப் பிரிந்து நிற்பதைப் பார்ப்பது அபூர்வம்.

இன்று இது இரண்டாம் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம். அதன் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும், உள்ளேயானாலும் வெளியேயானாலும், 1990 சட்டப்படி அனுமதி வேண்டும், மீறுவது குற்றம். ஆக, பாவனைக்கு அரசே சான்றிதழ் தந்துவிட்டது. இதில் எனக்குப் புகாரில்லை. மரபு என்றாலே முகம்சுளித்த அறிவுஜீவிகளோடு ராஃபேல் சாமுவேல் 1994இல் 'நினைவின் அரங்குகள்' நூலில் மோதினார். அதில் நான் அவர் பக்கம்தான். நூறு வருஷத்துக்கு மேல் ஜனங்கள் நிமிர்ந்து பார்த்த ஒன்றை 'பொய்' என்று எப்படிச் சொல்ல?

ஆனால் எதைப் பாதுகாக்கிறோம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பட்டியல் சட்டங்களையும் சிலைகளையும் எண்ணுகிறது. கடை என்பது கொடுக்கல் வாங்கல், கடன் கணக்கு, பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம். அதற்கு அங்கே பத்தி கிடையாது. பூட்ஸ் கிளம்பியபின் காகிதமும் புத்தகமும் விற்கும் இன்னொரு சங்கிலிக் கம்பெனி உள்ளே வந்தது. சிலையை நகர்த்தத்தான் அனுமதி வேண்டும். சரக்கை மாற்ற வேண்டாம். விலைபோட்டியில் தோற்ற மருந்துக்காரர்களில் ஒருவருக்கும் அந்த முகப்பில் மாடம் இல்லை.