நீலி வழக்கும் நாவல் வாசகரும்

"நீலிக் கண்ணீர் வடிக்காதே" என்று ஒரு சிறுமியையேனும் கடிந்துகொள்ளாத வீடு தமிழரிடையே அரிது. மரபுத்தொடர்ப் பாடத்தில், 'நீலிக் கண்ணீர்: பொய்யழுகை' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த தொடருக்குச் செல்லாத ஆசிரியரும் அரியர். நீலி யார், எதன்பொருட்டு அழுதாள், அவ்வழுகையில் பொய் எத்துணை, மெய் எத்துணை என்னும் வினாக்களுக்கு அவ்வகுப்பில் இடம் கிடைப்பதில்லை. சிங்கப்பூரைக் களமாகக் கொண்ட ஓர் ஆங்கில நாவலையும், அதனைப் படித்தோர் கூறும் கருத்துகளையும் ஒருசேர நோக்கியபோது, இவ்வினாக்கள் மீண்டும் என் நெஞ்சில் எழுந்தன. பேயும் மந்திரமும் சூழ்ந்த பெண்களின் கதையைப் படிப்போர் எவ்விடத்தில் வழி தவறுகின்றனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய வீட்டுச் சகோதரிகள்

ஷார்லீன் தியோ சிங்கப்பூரிற் பிறந்து இங்கிலாந்தில் வாழும் எழுத்தாளர். அவருடைய முதல் நாவல் 'பொந்தி' 2018 இல் வெளிவந்தது. எழுதி முடியும் முன்னரே, 2016 இல், அது டெபோரா ராஜர்ஸ் எழுத்தாளர் விருதைப் பெற்றது. அவ்விருது முதன்முதலாக வழங்கப்பெற்றதும் அவ்வாண்டிலேயே.

கதையின் நடுநாயகமாக நிற்பவள் அமிசா. மலேசியச் சிற்றூர் ஒன்றிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த பேரழகி. 'பொந்தியானாக்' என மலாய் மக்கள் அஞ்சும் பெண்பேயின் வேடத்தில் 1970களில் திரைப்படங்களில் நடித்தவள். படங்கள் அவள் எதிர்பார்த்த வாழ்வை அவளுக்குத் தரவில்லை. இப்போது பாழடைந்து வரும் பழைய வீடொன்றில், யுன்ஷி என்னும் தன் உடன்பிறந்தாளோடு சேர்ந்து, இறந்தவரோடு பேசுவிப்பதாகச் சொல்லிப் பணம் பெறுகிறாள். இருவரும் மெய்யான மந்திரக்காரிகள் அல்லர். ஆயினும் மந்திரத்தை நம்பி வருவோருக்கு அவர்கள் வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. அவ்வீட்டில் வளரும் மகள் ஸூவுக்கு 2003 இல் வயது பதினாறு. தாயின் அழகும் அவளுக்கு வாய்க்கவில்லை. தாயின் அன்பும் வாய்க்கவில்லை. பள்ளியில் அவளுக்குக் கிடைக்கும் ஒரே தோழி சர்ஸி. ஹோமரின் காவியத்தில் மாந்தரைப் பன்றிகளாக்கிய சூனியக்காரியின் பெயரும் அதுவே என்பதை ஈண்டு நினைத்தல் தகும். 2020 இல், அப்பழைய பேய்ப்படத்தைப் புதிதாக எடுப்போர்க்கு விளம்பரம் தேடும் வேலை சர்ஸியிடமே வந்து சேர்கிறது.

மூவகை வாசகர்

இந்நாவலைப் படித்தோர் கூறுவனவற்றை மூன்றாக வகுக்கலாம். பேய்க்கதை என்று எண்ணிக் கையிலெடுத்து, பேய் வாராமையால் மனம் சலித்தவர் ஒருவகையினர். நகரத்தின் வெக்கையையும் பள்ளிச் சிறுமியர் ஒருவரையொருவர் வதைக்கும் கொடுமையையும் ஆசிரியர் தீட்டியிருக்கும் திறத்தை வியந்து, பேயை வெறும் குறியீடு என்று ஒதுக்கிவிடுவோர் மற்றொரு வகையினர். "பெற்ற மகளிடம் ஓர் இன்சொல்லும் கூறாத இவளும் ஒரு தாயா?" என்று வெறுத்து நூலை மூடுவோர் மூன்றாம் வகையினர்.

மூவரும் வேறு வேறு பேசுவதாகத் தோன்றினும், மூவரும் செய்தது ஒன்றே. முதலாமவர் அமிசாவிடம் மந்திரத்தைக் கேட்டார். இரண்டாமவர் மந்திரம் வேண்டா என்றார். மூன்றாமவர் நற்குணம் கேட்டார். அவள் இந்நிலைக்கு எவ்வாறு வந்தாள் என்று மூவரும் கேட்கவில்லை. ஆசிரியரோ அவ்வினாவுக்கு விடையளிப்பதற்கென்றே நூலை மூன்று இழைகளாகப் பின்னியிருக்கிறார். ஸூ ஓர் இழை. சர்ஸி ஓர் இழை. 1968 முதலாக அமிசா கடந்துவந்த வாழ்க்கை மூன்றாம் இழை. தாயின் கொடுமையை மகள் வாயால் கேட்கும் வாசகர், அடுத்த இயலிலேயே அத்தாய் இளம்பெண்ணாக நின்று ஏமாற்றமடைவதைக் காண்கிறார். கண்டும் தம் தீர்ப்பைத் திருத்தாதவரே பலர்.

பின்வாசலில் நிற்போர்

இது சிங்கப்பூர் வாசகர்க்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்க எழுத்தாளர் ஆலிஸ் ஹாப்மன் 1995 இல் 'பிராக்டிக்கல் மேஜிக்' என்னும் நாவலை எழுதினார். சாலி, ஜில்லியன் என்னும் சகோதரியர் இருவர், பெற்றோரை இழந்து, மந்திரக்காரிகள் என்று ஊரார் ஒதுக்கும் அத்தைமாரிடம் வளர்வதே அதன் கதை. 1998 இல் அது திரைப்படமாயிற்று. படத்தைப் பார்த்துவிட்டு நூலுக்கு வருவோர், "படத்தில் இருந்த மாயம் நூலில் எங்கே?" என்று வினவுவது வழக்கமாயிற்று. நூலின் பெரும்பகுதி நியூயார்க்கை அடுத்த லாங் தீவில், வீடும் சமையலும் பெண்மக்களின் வளர்ப்புமாகவே நடக்கிறது. 2017 இல் ஹாப்மன் அவ்வத்தைமாரின் இளமைக் கதையைத் தனி நாவலாக எழுதியபோது, அது நடிகை ரீஸ் விதர்ஸ்பூனின் வாசகர் குழுவுக்குத் தெரிவாகிப் பல்லாயிரவர் கைக்குச் சென்றது. மாயத்தின் மேலுள்ள வேட்கை அத்தகையது.

ஆயின் முதல் நாவலின் உயிர்நிலை மாயத்தில் இல்லை, பின்வாசலில் இருக்கிறது. ஊரில் எது கெட்டாலும் அக்குடும்பத்துப் பெண்களையே பழிக்கும் ஊரார், பகலில் அவர்களைக் கண்டால் ஒதுங்கிப் போகின்றனர். அந்தி சாய்ந்ததும் அதே ஊர்ப் பெண்கள் பின்வாசல் வழியே வந்து, காதலனை வசப்படுத்த மருந்து கேட்கின்றனர். பகலில் பழித்தலும் இரவில் நாடலும் ஒரே ஊரின் இரு முகங்கள். இக்குடும்பத்தின் பழைய வீடு அமைந்துள்ள மாசசூசெட்ஸ் நாட்டில்தான், சேலம் என்னும் ஊரில் 1692 இல், சூனியக்காரர் என்று பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

அமிசாவின் வீட்டுக்கு வருவோரும் பின்வாசலில் நிற்போரே. அவ்வீட்டின் பொய்யைப் பழிக்கும் வாசகர், அப்பொய்யை விலை கொடுத்து வாங்குவோரை மறந்துவிடுகிறார்.

குருதியின் சுவை

அமிசா ஏற்ற வேடத்தின் வரலாற்றையும் சிறிது காணவேண்டும். சிங்கப்பூரில் கேத்தே கெரிஸ் நிறுவனத்தார் 1957 இல் 'பொந்தியானாக்' என்னும் மலாய்ப் படத்தை வெளியிட்டனர். இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் இயக்க, மரியா மெனாடோ நடித்தார். படம் பெரும் வெற்றி பெற்று, அடுத்தடுத்துத் தொடர்ப்படங்களும் வந்தன. அதன் கதையைக் கேளுங்கள்: கூன் விழுந்த ஏழைப் பெண்ணொருத்தி மந்திரத்தால் அழகு பெற்று மணம் புரிகிறாள். குருதியைச் சுவைத்தல் ஆகாது என்பது அவளுக்கு இடப்பட்ட தடை. ஒருநாள் கணவனைப் பாம்பு தீண்டுகிறது. அவன் உயிரைக் காக்க நஞ்சை வாயால் உறிஞ்சுகிறாள், குருதி நாவில் படுகிறது, பேயாகிறாள். கணவனைக் காத்த செயலே அவளைப் பேயாக்கிற்று! திரையரங்கில் அலறிய கூட்டத்தாருள் எத்தனை பேர் இதனை எண்ணினரோ?

பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணே பொந்தியானாக் ஆவாள் என்பது மலாய் மக்களின் பழைய நம்பிக்கை. அதே அச்சம் நம்மவரிடையே வேறு வடிவு கொண்டது. சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலிலும், தென்பாலச் சாலை மாரியம்மன் கோயிலிலும் பெரியாச்சியின் உருவம் உண்டு. மடியில் கிடத்திய பெண்ணின் குடலை உருவும் கைகள். மேலே தூக்கிய குழந்தை. காலடியில் வீழ்ந்து கிடக்கும் ஆடவன். முதன்முறை காண்போர் நடுங்குவர். ஆயினும் குழந்தை பிறந்து முப்பது நாள் சென்றதும், சிங்கப்பூர்த் தமிழ்த் தாயர் பிள்ளையைக் கையிலேந்தி அவள் முன்னே வந்து நிற்கின்றனர். பேற்றுக்குத் துணை நிற்பவள் அவளே. அஞ்சத்தக்க பெண்ணை அகற்றவேண்டும் என்பது ஒரு வழி. அவள் முன்னே சென்று நிற்கவேண்டும் என்பது மற்றொரு வழி. பெரியாச்சி முன் நிற்கும் தாய் நாவல் படியாதவளாயினும், நல்ல வாசகியின் நெஞ்சம் உடையவள்.

எழுபதின்மர் அறியாதது

இனி நீலிக்கு வருவோம். பழையனூர் நீலி கதை பல வடிவில் வழங்குவது. பொதுவாக வழங்குவது இது: ஒருவன் தன் மனைவியைத் திருவாலங்காட்டை அடுத்த இடத்திற் கொன்றான். மறுபிறப்பில் அவன் வணிகனானான், அவள் பேயானாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, "இவன் என் கணவன், என்னைக் கைவிட்டு ஓடுகிறான்" என்று பழையனூர் வேளாளர் எழுபதின்மர் அவையில் அழுதாள். குழந்தையும் வணிகனைத் தந்தை என்றது. "இவள் பேய்" என்று அவன் கதறியதை அவையோர் நம்பவில்லை. அவனுக்குத் தீங்கு நேரின் தாமும் உயிர் விடுவதாகப் பிணை கூறி, அவனை அவளோடு தங்கவைத்தனர். இரவில் அவள் அவனைக் கொன்றாள். எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாது தீப்புகுந்தனர்.

சைவ நூல்கள் அவ்வேளாளரின் வாய்மையைப் போற்றுகின்றன. அது தகும். ஆனால் முதலிற் கொலையுண்ட பெண்ணுக்காக இரங்கியவர் யார்? மக்கள் வழக்கில் அவளுக்கு எஞ்சியது 'நீலிக் கண்ணீர்' என்னும் வசை ஒன்றே. அவள் காட்டிய குழந்தை பொய்; அவள் இழந்த வாழ்வு மெய். சான்று பொய்யாயினும் வழக்கு மெய்யான வழக்கு அது. கொலையை நாம் போற்றவேண்டுவதில்லை. குற்றமற்ற எழுபதின்மர் மாண்டதை மறக்கவேண்டுவதும் இல்லை. எனினும் ஒன்றைக் கருதவேண்டும். எழுபதின்மருக்கு முற்பிறப்பு தெரியாது. கண்முன் கண்டதைக் கொண்டே தீர்ப்புரைத்தனர். கதை கேட்கும் நமக்கோ முற்பிறப்பு தெரியும். தெரிந்தும் அவளைப் பொய்யழுகைக்காரி என்றே அழைக்கிறோமெனின், அவ்வவையோரினும் நாமே குறையுடையோம்.

நாவல் வாசகர் அமர்வதும் அவ்வவையில்தான். அமிசாவின் முற்பிறப்பு அவர் கையில் அச்சிட்ட ஏடாகவே இருக்கிறது.

மறுவிசாரணை செய்த புலவர்

நீலியின் வழக்கை மீண்டும் எடுத்துக் கேட்டவர் ஒருவர் பழந்தமிழில் உண்டு. அவர் ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசியின் ஆசிரியர். பெயர் தெரியாத சமணப் புலவர். உயிர்ப்பலியைத் தடுத்த முனிசந்திரர் என்னும் முனிவரை அச்சுறுத்தப் பழையனூர் நீலி வருகிறாள். அச்சுறுத்தல் பயனின்றிப் போக, அரசன் மகள் வடிவில் மயக்க முயல்கிறாள். முனிவர் அவளை இன்னாள் என்று அறிந்துகொள்கிறார், ஆயினும் விரட்டினாரல்லர், அறம் உரைக்கிறார். பேய் மாணாக்கியாகிறது. பின்னர்க் குண்டலகேசி முதலாகப் பூதவாதி ஈறாக ஒவ்வொருவரையும் வாதில் வெல்லும் பேரறிவினளாக அவளைக் காண்கிறோம். 1936 இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி பதிப்பித்த இந்நூலைச் சமயவாத நூல் என்றே வகுத்து வைத்துவிட்டோம். அழுகைக்குப் பேர்போனவளுக்கு வாதத்தைக் கொடுத்த அப்புலவரின் துணிவு பேசப்படுவதில்லை. தன் சமயத்தை நிலைநாட்டவே அவர் அவ்வாறு செய்தார் என்பது உண்மையே. எனினும், கேட்கத் தகுந்த குரல் அவளுக்கு உண்டு என்று கொண்டாரன்றோ?

நிறையும் குறையும்

இவ்வளவையால் நோக்கின், இரு நாவல்களிலும் குறை உண்டு. ஹாப்மன் பின்வாசலை அரியதாகத் திறந்துவிட்டு, ஈற்றில் எல்லாத் துன்பத்தையும் காதலால் ஆற்றிவிடுகிறார்; ஊரார் செய்த பழிக்கு விடை எளிதாகிவிடுகிறது. தியோ அவ்வாறு இனிப்புத் தடவவில்லை; அது அவர் பெருமை. ஆனால் யுன்ஷி என்னும் உடன்பிறந்தாள் நிழலாகவே நின்றுவிடுகிறாள். பொய் மந்திரத்தால் சோறு தேடும் சகோதரியர் இருவரும், வந்தவர் போனபின், தனித்திருந்து என்ன பேசினர் என்பதைக் கேட்க நாம் விரும்புகிறோம். 2020 இல் நிகழும் பகுதியும் மற்ற இரண்டின் ஆழத்தை எட்டவில்லை. எனினும் தாயின் கொடுமையை மறைக்காமலும், அதன் வேரை மறைக்காமலும் ஒருங்கே காட்டிய நேர்மை அரியது. இந்நகரத் தமிழாசிரியர் இந்நாவலைப் படித்தல் நன்று.

படித்தபின் வகுப்புக்குச் செல்லும்போது, மரபுத்தொடர்ப் பட்டியலில் நீலி வரும் இடத்தில் சற்றே நிற்கலாம். பொருளை எழுதுவதோடு, "அவள் ஏன் அழுதாள்?" என்றும் மாணவரைக் கேட்கலாம். இரண்டு நிமிடமே செல்லும். அந்த இரண்டு நிமிடத்தில், என்றேனும் உண்மையாகவே அழுதபோது நம்பப்படாத சிறுமி ஒருத்தி பின்வரிசையிலிருந்து தலைநிமிர்ந்து பார்க்கவும் கூடும்.