பிறர் ஓடுகளை அணியும் நத்தை

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் பிறந்து, நெய்யாறு கடலில் கலக்கும் பூவாற்றின் மணலிலும் பொழியூரின் கரையிலும் கிளிஞ்சல் பொறுக்கி வளர்ந்த நமக்கு, அலை ஒதுக்கித் தரும் அந்த வர்ண விசித்திரங்களே சமுத்திரத்தின் சர்வ ஐசுவரியம் என்று தோன்றுவது இயல்பே. ஆயினும் என் மனத்தை முற்றும் கவர்ந்தது, ஆழ்நீர் வாசியான ஸெனோஃபோரா பாலிடுலா என்னும் வெளிறிய நத்தைதான். 1842இல் ரீவ் என்ற ஆங்கிலேய அறிஞர் வர்ணித்த இச்சிறு ஜீவன், தென்னாப்பிரிக்கா முதல் ஜப்பான் வரை, பெரும்பாலும் 100 மீட்டருக்கும் கீழே, ஒளி மங்கிய கடற்தளத்தில் வாழ்கிறது. தன் ஓடு வளர வளர, செத்த சிப்பிகளையும் பிற நத்தைகளின் கூடுகளையும் தேடியெடுத்து, துடைத்துத் திருப்பி, உகந்த இடத்தில் பொருத்தி, தான் சுரக்கும் சுண்ணத்தால் ஒட்டி, அது இறுகும்வரை மணிக்கணக்கில் காத்திருக்கும் அதன் சிரத்தையை என்னென்பது! சிப்பியை அது பெரும்பாலும் குழிந்த பக்கம் மேல்நோக்கியே பதிக்கிறது. விளிம்பைத் தாண்டி நீளும் அவ்வோடுகள் மென்சேற்றில் புதையாமல் தாங்குகின்றன என்பர் சிலர், பகைவர் கண்ணிலிருந்து மறைக்கின்றன என்பர் வேறு சிலர். எனக்கோ, அவை உச்சியிலிருந்து சுழன்றிறங்கும் ஒழுங்கில் ஒரு சிற்பியின் கை தெரிகிறது. சில கூடுகளின் உச்சியில் கண்ணாடிக் கடற்பஞ்சு ஒன்று தானே வந்து வளர்ந்திருப்பதும் உண்டு.