ருக்மணி தேவியின் கலைவாழ்வு: மொழி கடந்த மேடைமரபு

தமிழ் நாடக வரலாறு எழுதியோர் பெரும்பாலும் மொழியையே எல்லையாகக் கொண்டனர். தமிழில் நடிக்கப்பெற்றனவே தமிழ் நாடகம் என்பது அவர்தம் வரையறை. அது பொருந்தாததன்று. ஆயினும் நாடகம் சொல்லால் மட்டும் ஆயதன்று. பாட்டும், குரலும், நிற்கும் நிலையும், அவையை நோக்கும் நோக்கும் அதன் உறுப்புகளே. இவ்வுறுப்புகள் ஒரு மொழியினின்று பிறிதொரு மொழிக்குக் குடிபெயருங்கால், அவற்றின் வரலாற்றை எந்நூலில் எழுதுவது? இவ்வினாவை, சிங்களத் திரைப்படத்தின் முதற் கதைத்தலைவியாகிய ருக்மணி தேவியின் கலைவாழ்வைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1. பிறப்பும் பெயரும்

இவர் 1923ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள் இலங்கையில் நுவரெலியாவை அடுத்த இறம்பொடையில் பிறந்தார். இயற்பெயர் டெய்சி இராசம்மா டேனியல்ஸ். இவர் தோன்றிய கொழும்புச் செட்டிச் சமூகம், தென்னிந்தியக் கடற்கரையினின்று வணிகத்தின்பொருட்டுச் சென்று நிலைத்தோர் வழிவந்தது. ஐரோப்பியர் ஆட்சிக் காலங்களில் பெரும்பாலும் கிறித்தவம் தழுவியது. பிற இனத்தாரோடு மணவுறவும் கொண்டது. தமிழாய்வாளர்க்கு இச்சமூகம் புதியதன்று. புலவர் வரலாறுகளைத் தொகுத்து 1859இல் 'தமிழ் புளூட்டார்க்' என்னும் ஆங்கில நூலை வெளியிட்ட சைமன் காசிச்செட்டி இச்சமூகத்தவரே.

டெய்சி என்பது ஆங்கிலம். இராசம்மா என்பது தமிழ். டேனியல்ஸ் என்பது விவிலியத்தின் வழிவந்தது. மேடைக்குரிய பெயரோ கண்ணன் தேவியின் பெயர். அப்பெயருடன் அவர் பாடியதும் பேசியதும் சிங்களம். இவற்றுள் எது அவருடைய உண்மை அடையாளம் என வினவுதல் பயனற்றது. ஒவ்வொரு பெயரும் அவர் கலைக்கு ஒரு வாயிலைத் திறந்தது என்பதே கருதத்தக்கது.

2. மேடையும் குரலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுவினர் காட்டிய புதுமுறை, தமிழகத்தில் இசைநாடகத்தையும் இலங்கையில் 'நூர்த்தி' என்னும் சிங்கள நாடகத்தையும் பெரிதும் மாற்றியது. வண்ணத் திரையும், ஆர்மோனிய இசையும், பேச்சினும் மிக்க பாட்டும் இரண்டற்கும் பொது. மதுரையிலிருந்து விருதுநகர் வழியே தூத்துக்குடி செல்லும் இருப்புப்பாதையும், அங்கிருந்து கொழும்புக்குச் சென்ற கப்பலும் இவ்விரு மேடைகளையும் இணைத்தன. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1920களில் கொழும்பு மேடையில் இணைந்து நடித்தமை யாவரும் அறிந்ததே.

இச்சூழலில் வளர்ந்த ருக்மணி தேவி இளமையிலேயே மேடையேறினார். 1930களின் இறுதியில் எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் பாடிய இசைத்தட்டு அவர் குரலை இல்லந்தோறும் சேர்த்தது. பின்னர் நீர்கொழும்பைச் சார்ந்த பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவிற் சேர்ந்தார்; அவர் இளவலும் நகைச்சுவை நடிகருமாகிய எடி ஜயமான்னவை மணந்தார்.

இக்குழுவின் 'கடவுனு பொரொந்துவ' என்னும் நாடகமே 1947ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் வெளியான முதற் சிங்களப் பேசும்படம் ஆயிற்று. 'முறிந்த வாக்குறுதி' என்பது அத்தலைப்பின் பொருள். படத்தை ஆக்கியவர் மதுரைச் சித்ரகலா மூவிடோன் உரிமையாளர் எஸ். எம். நாயகம், இயக்கியவர் வங்கநாட்டு ஜோதிஷ் சிங், இசையமைத்தவர் நாராயண ஐயர். கதையும் நடிகரும் சிங்கள மேடைக்கு உரியோர். முதலீடும் இசையும் தமிழகத்தின. இவ்விரண்டும் சந்தித்த இடத்தில் நின்று பாடியவர் ருக்மணி தேவி.

3. இருவகைத் திறனாய்வு

1956ஆம் ஆண்டு இலங்கைக் கலைவரலாற்றில் ஒரு திருப்பம். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசின் 'ரேகாவ' படப்பிடிப்பு நிலையத்தை விட்டுச் சிற்றூர் வெளியிற் படமாயிற்று. எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' மேடையேறியது. சிங்களத்தையே ஆட்சிமொழியாக்கிய சட்டமும் அவ்வாண்டினதே. அதன்பின் எழுந்த திறனாய்வு முந்திய படங்களைத் தென்னிந்தியப் படங்களின் போலி என ஒதுக்கியது.

இவ்வொதுக்கலில் உண்மை இல்லாமல் இல்லை. அப்படங்கள் பல தென்னிந்திய நிலையங்களில் எழுதிய திரைகளின் முன் எடுக்கப்பட்டன. இரவல் மெட்டுகளும் மிகுதி. ஆயினும் படமுதலாளியின் போலியும் நடிகையின் மரபும் ஒன்றல்ல. மெட்டு இரவலாயினும் பாடும் முறை இரவலாதல் இல்லை. ஆழமும் விரிவும் உடைய அவர் குரல், ஒலிபெருக்கி இல்லாக் கொட்டகையின் கடைசி வரிசையையும் எட்டுதற்கென வளர்ந்த மரபைச் சார்ந்தது. இளிவு, இழவு, அசைவு, வறுமை என அழுகைக்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன் கூறினார். ஜயமான்னவின் துன்பியற் கதைகள் நான்கையும் ஒருங்கே வேண்டின. அவற்றை அவையை நேர்நோக்கி நின்று, பாட்டாலேயே வெளியிடுதல் மேடையின் இலக்கணம். ஒளிப்படக் கருவி அருகில் வந்தபின் அது மிகையாகத் தோன்றிற்று. எனவே, மாறியது அளவுகோல்; கலைஞரிடம் திறன் குன்றிற்று என்பதற்கு இது சான்றாகாது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. 'மனமே' எடுத்தாண்ட 'நாடகம' என்னும் பழங்கூத்தும் தமிழ்க் கூத்தின் வழிவந்ததே. இதனைச் சரச்சந்திரவின் ஆராய்ச்சியே காட்டும். ஒரே தமிழ்த் தோற்றுவாய் கூத்தின் வழி வந்தபோது தேசியக் கலை எனப் போற்றப்பட்டது. இசைநாடகத்தின் வழி வந்தபோது அயற்போலி எனப் பழிக்கப்பட்டது. பழமை பெற்ற கலப்பு மரபாயிற்று; அண்மைக் கலப்பு மாசாயிற்று. இம்முரண்பாட்டின் சுமையை ருக்மணி தேவியின் புகழே தாங்கிற்று.

நம் பகுதியிலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. நாடகக் குழுவுக்குத் திரை எழுதியவராகக் கோவிற்பட்டிக்கு வந்த சி. கொண்டையராஜூவின் ஓவியங்கள் சிவகாசி அச்சகங்களின் வழியே நாட்காட்டிகளாக நாடெங்கும் பரவின. தீப்பெட்டிச் சிட்டைகளால் வளர்ந்த அவ்வச்சுத் தொழில், மறைந்துகொண்டிருந்த மேடையின் காட்சியைக் காத்தது. அப்படங்களில் தெய்வம் பார்ப்பவரை நேர்நோக்கி நிற்கும். அதனையும் கலையன்று என நெடுங்காலம் ஒதுக்கினர். அண்மைக் காலத்தில்தான் ஆய்வாளர் அதனை ஆராயத் தலைப்பட்டனர். மேடையின் காட்சி சிவகாசிக்குச் சென்றது போல, அதன் குரல் கடல் கடந்து சிங்களப் படத்துக்குச் சென்றது எனலாம்.

4. முடிபு

பிற்காலத்தில் ருக்மணி தேவிக்குத் தலைமைப் பாத்திரங்கள் அரியவாயின, பாட்டு நிலைத்தது. அவர் மீண்டும் இசைமேடைக்கே சென்றார். 1978ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 28ஆம் நாள், மாத்தறை இசைநிகழ்ச்சியினின்று திரும்பும் வழியில் ஜா-எலையை அடுத்து நேர்ந்த ஊர்தி விபத்தில் உயிர்நீத்தார். அவருடன் பல பாடல்களைப் பாடிய மொகிதீன் பேக் சேலத்திற் பிறந்தவர். இவ்விருவர் குரலையும் சிங்கள மக்கள் தம் குரலாகவே ஏற்றனர். கற்றோர் வகுத்த எல்லையைக் கேட்டோர் பொருட்படுத்தவில்லை.

தமிழில் நடியாமையால் தமிழ் நாடக வரலாறு அவரை விட்டது. தமிழ்ச் சார்பு உடைமையால் சிங்களத் திறனாய்வு அவர் காலத்தைத் தாழ்த்தியது. இருபாலும் இழந்தது ஒரே மரபின் வரலாறு. தமிழ் இசைநாடகத்தின் ஆற்றலை அறிய விழைவோர் அதன் தமிழ்ப் பனுவல்களோடு அமைதல் போதாது. கொழும்பு இசைத்தட்டுகளையும், சிங்களப் பாட்டுப் புத்தகங்களையும், மதுரை, கோவை நிலையங்களின் படங்களையும் ஒருங்கு வைத்து ஆராய்தல் வேண்டும். சிங்களம் பயின்ற தமிழ் ஆய்வுமாணவர் இப்பணியை மேற்கொள்வாராயின், நம் நாடக வரலாற்றில் விடுபட்ட ஓர் இயல் எழுதப்பெறும் என்பது எம் துணிபு.